முதல் ரோடு சைக்கிள்: கடைக்குப் போகும் முன் அறிய வேண்டியவை

புதிதாக ரோடு சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி நல்லது?" என்பதுதான். அடுத்து நிறம், பிறகு விலை. சைக்கிளின் அளவைப் பற்றிப் பலரும் கேட்பதே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் ஓட்டிய பிறகு முழங்கால் வலிக்கிறது, கழுத்து பிடிக்கிறது, உள்ளங்கை மரத்துப் போகிறது. மூன்றாவது மாதம் சைக்கிள் மாடிப்படியின் கீழே போய்விடுகிறது. பணமும் வீண், உடற்பயிற்சிக்காக எடுத்த நல்ல முடிவும் வீண்.

ஆகவே உடலுக்குப் பொருந்தும் அளவு, ஓட்டப்போகும் சாலை, கையில் உள்ள பணம் என்ற மூன்றையும் இதே வரிசையில் பார்ப்போம். கம்பெனி பெயர் கடைசியில் வரட்டும்.

ரோடு சைக்கிள் என்பது எது?

நம் ஊரில் 'பைக்' என்றால் மோட்டார் சைக்கிள். சைக்கிள் கடையில் 'ரோடு பைக்' என்று சொல்வது, ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு போல் கீழ்நோக்கி வளைந்து, மெல்லிய டயர்களோடு இருக்கும் இலேசான சைக்கிளை. எடை பெரும்பாலும் 9 முதல் 11 கிலோ வரை. நாம் பார்த்து வளர்ந்த கறுப்பு நிற இரும்பு சைக்கிளின் எடையில் இது ஏறக்குறைய பாதிதான். தார்ச்சாலையில் 20, 30 கிலோமீட்டர் தூரத்தை அதிகம் களைக்காமல் கடப்பதற்காக அமைக்கப்பட்டது.

இது எல்லோருக்கும் ஏற்றதல்ல. கடைக்குப் போய் அரிசி மூட்டை கொண்டுவர, பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து மதரஸாவில் விட, குண்டும் குழியுமான தெருவில் ஓட்ட இது உதவாது. அதற்குச் சாதாரண சைக்கிளோ, நேரான ஹேண்டில்பாரும் சற்று அகலமான டயரும் உள்ள ஹைபிரிட் சைக்கிளோ போதும். விலையும் குறையும். வாரத்தில் மூன்று நாள், விடிந்ததும் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்பவருக்கே ரோடு சைக்கிள் பொருத்தம். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், முதுகுத்தண்டு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகு வாங்குவது நல்லது.

அளவு எடுப்பது எப்படி?

ஃபிரேமின் அளவு சென்டிமீட்டரில் 50, 52, 54, 56 என்றோ, எஸ், எம், எல் என்றோ குறிக்கப்படும். உயரத்தைக் கொண்டு கடைக்காரர் ஓர் அளவு சொல்வார். ஆனால் ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடம்பு நீளமாகவும் இருக்கலாம். எனவே காலின் உள்நீளத்தை வீட்டிலேயே அளந்துகொள்ள வேண்டும்.

செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் அழுந்துவது போல மேல்நோக்கி அழுத்துங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை மற்றொருவர் அளக்கட்டும்.

அந்த அளவை 0.67ஆல் பெருக்கினால் ஃபிரேமின் அளவு தோராயமாகக் கிடைக்கும். 78 செ.மீ. என்றால் 52 அளவு ஃபிரேம். அதே அளவை 0.883ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். 78 செ.மீ.க்கு அது சுமார் 69 செ.மீ. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமான்ட் பரவலாக்கிய கணக்கு இது. இதை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அரை சென்டிமீட்டர் ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வேண்டும்.

கடையில் இந்த மூன்றையும் சோதியுங்கள். சைக்கிளின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது மேல் கம்பிக்கும் உடலுக்கும் இடையே 2 முதல் 5 செ.மீ. இடைவெளி வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்க வேண்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது முழங்கை விறைக்காமல் சற்று வளைந்திருக்க வேண்டும்.

ஓட்டத் தொடங்கிய பின் முழங்காலின் முன்பக்கம் வலித்தால், பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. உள்ளங்கை மரத்தால் உடல் எடை கைகளில் அதிகம் விழுகிறது. சீட்டை உயர்த்தும்போது, அதைத் தாங்கும் குழாயில் உள்ள எச்சரிக்கைக் கோடு வெளியே தெரியக்கூடாது.

"வளர்கிற பிள்ளைதானே!"

பெருநாள் சட்டையை ஓர் அளவு பெரிதாக எடுப்பதுபோல் சைக்கிளையும் பெரிதாக வாங்கிவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சட்டையில் அது சிக்கனம், சைக்கிளில் அது ஆபத்து. கால் தரையில் ஊன்றாத பிள்ளை சிக்னலில் சாய்ந்துவிடும். விரல் எட்டாத பிரேக்கை லாரி வரும் நேரத்தில் அழுத்த முடியாது. 150 செ.மீ. உயரத்தைத் தொடாத பிள்ளைக்குப் பெரியவர்களின் ரோடு சைக்கிள் பெரும்பாலும் பொருந்தாது. அந்த வயதில் 24 அங்குலச் சக்கர சைக்கிள் போதும்.

துபாயிலோ ரியாதிலோ இருக்கும் மச்சான் சைக்கிள் வாங்கி அனுப்புவதாகச் சொன்னால், உயரத்தை மட்டும் சொல்லாமல் கால் அளவையும் சேர்த்து அனுப்புங்கள். வந்ததும், எந்த பிரேக் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்று பாருங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். முன்பிரேக்கைப் பின்பிரேக் என்று நினைத்துப் பலமாக அழுத்தினால் தலைகுப்புற விழ நேரிடும்.

ஃபிரேம்

முதல் சைக்கிளுக்கு அலுமினியம் போதுமானது. இலேசு, விலையும் கட்டுப்படியாகும். நல்ல ஸ்டீல் ஃபிரேம் சற்றுக் கனம், ஆனால் அதிர்வைத் தாங்கும். கார்பன் மிக இலேசு, விலை அதிகம். பலமாக விழுந்தால் வெளியில் தெரியாமல் உள்ளே விரிசல் விடக்கூடும்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். அலுமினிய ஃபிரேமாக இருந்தாலும் செயினும் போல்ட்டுகளும் துருப்பிடிக்கும். ஓட்டி வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் இட்டு, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும்.

பந்தயத்துக்கான அமைப்பில் உடல் மிகவும் குனிந்திருக்கும். 'எண்டூரன்ஸ்' வகையில் ஹேண்டில் சற்று உயர்ந்து முதுகு நிமிரும். தொடங்குபவர்கள் இரண்டாவதையே எடுக்கலாம்.

கியர்

கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 21 கியர் என்று ஒட்டியிருப்பதைவிட, பற்சக்கரங்களில் எத்தனை பற்கள் என்பதே முக்கியம். முன்னால் 50, 34 பற்கள், பின்னால் 11 முதல் 32 வரை என்ற அமைப்பு தொடங்குபவர்களுக்கு ஏற்றது. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். 34-32 கியரில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் சுமார் 2.2 மீட்டர் நகரும், ஏற்காடு போன்ற மலைச்சாலையில் இது கைகொடுக்கும். 50-11 கியரில் அதே ஒரு சுற்றில் சுமார் 9.5 மீட்டர் நகரும். சமவெளி ஊர்க்காரர்களுக்கும் எளிய கியர் தேவை. ஆடி மாதக் காற்று எதிரே வீசும்போது அதுவும் ஒரு மேடுதான்.

ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் கியர் தொகுப்புகளில் கிளாரிஸ் (பின்னால் 8), சோரா (9), டியாக்ரா (10) என்ற பெயர்களைக் காணலாம். கிளாரிஸே முதல் சைக்கிளுக்குப் போதும். பிரேக் பிடியிலேயே கியர் மாற்றும் வசதி இருந்தால், கையை எடுக்காமல் மாற்றலாம்.

பிரேக்கும் டயரும்

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் எளிமையானது, எந்தக் கடையிலும் சரிசெய்யலாம். மழையில் அது நிற்க அதிக தூரம் எடுக்கும். டிஸ்க் பிரேக் ஈரத்திலும் நன்றாக நிற்கும், விலை கூடும். மழைக்காலத்திலும் மலைச்சாலையிலும் ஓட்டுபவர்கள் டிஸ்க்கை எடுக்கலாம்.

முன்பு 23 மி.மீ. அகல டயர் வழக்கம். நம் சாலைகளுக்கு 28 மி.மீ. நல்லது, 32 மி.மீ. இன்னும் வசதி. அவ்வளவு அகலம் ஃபிரேமில் நுழையுமா என்று கேட்டு வாங்குங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் 70 முதல் 80 பி.எஸ்.ஐ. காற்றோடு தொடங்கலாம். டயரின் பக்கவாட்டில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டக்கூடாது.

பெரும்பாலான ரோடு சைக்கிள்களில் 'பிரெஸ்டா' எனும் மெல்லிய வால்வு இருக்கும். தெருமுனை பஞ்சர் கடையின் பம்ப் இதற்குப் பொருந்தாது. சிறிய அடாப்டர் ஒன்றை வாங்கி சைக்கிளோடு வைத்துக்கொண்டால், நடுவழியில் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருக்காது.

பெண்கள் ஓட்டும்போது

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். இன்று நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஆசைப்பட்டால் தயங்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது உடைதான். தரைதொடும் அபாயாவின் ஓரம் செயினிலும் சக்கரக் கம்பியிலும் சிக்கும். முழங்கால் வரையிலான தளர்ந்த மேலாடையும், கணுக்காலில் இறுகும் பேண்ட்டும் கண்ணியமாகவும் பாதுகாப்பாகவும் இருக்கும். ஹெல்மெட்டின் கீழே மெல்லிய துணியாலான தலைமறைப்பு போதும். ஊசி குத்தக்கூடாது, முனைகளை உள்ளே செருகிவிட வேண்டும். ஆண்கள் கைலியோடு இதில் ஏற வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பணத்தைப் பங்கிடுவது

முழுத் தொகையையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடக்கூடாது. ரூ. 40,000 ஒதுக்கியிருந்தால் ரூ. 32,000க்குள் சைக்கிளை முடித்து, மீதியை ஹெல்மெட், முன்பின் விளக்குகள், அழுத்தமானியுடன் கூடிய பம்ப், உபரி டியூப், டயர் கழற்றும் பட்டை, பூட்டு ஆகியவற்றுக்கு வைக்க வேண்டும். ஹெல்மெட்டில் இ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. தரக்குறியீடு இருக்கட்டும். அது புருவத்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நேராக அமர வேண்டும். ஒருமுறை பலமாக மோதிய ஹெல்மெட்டை மறுபடி அணியக்கூடாது.

தவணையில் வாங்கச் சொன்னால், வட்டியும் 'செயலாக்கக் கட்டணம்' போன்ற பெயரில் வருவதும் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சில மாதம் சேமித்து ரொக்கமாக வாங்குவதே நிம்மதி.

பழைய சைக்கிள் வாங்கினால்

அளவு பொருந்தினால் பழைய சைக்கிள் நல்ல வழி. அசல் பில்லைக் கேளுங்கள். அதில் எண் இருந்தால், பெடல் அச்சின் அடியில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். திருட்டுப் பொருள் நம் வீட்டுக்குள் வரக்கூடாது. குழாய்கள் சேரும் இடங்களில் விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் பக்கவாட்டில் ஆடக்கூடாது.

செயினைச் சோதிக்க அங்குல ஸ்கேல் போதும். ஓர் ஊசியின் மையத்திலிருந்து அளந்தால் 24ஆவது ஊசியின் மையம் சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டினால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தாண்டினால் பின் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

முதல் மாதம்

வாங்குமுன் குறைந்தது பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எல்லாக் கியர்களையும் மாற்றுங்கள், இரு பிரேக்கையும் அழுத்துங்கள். ஷூவைப் பெடலோடு பூட்டும் வகை இப்போது வேண்டாம், சாதாரண பெடலே போதும். புது சைக்கிளின் கம்பிகளும் கேபிள்களும் ஓட ஓடத் தளரும். ஒரு மாதம் கழித்துக் கடையில் காட்டி இறுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் 5, 6 கிலோமீட்டர் போதும், பிறகு மெல்லக் கூட்டலாம். மெல்லிய டயரில் காற்று தானாகக் குறையும் என்பதால் வாரம் ஒருமுறையாவது அடிக்க வேண்டும். சாலையின் இடதுபுறமாகவே செல்ல வேண்டும். காதில் இயர்போன் வேண்டாம். விடியற்காலையிலும் மக்ரிப் நேரத்திலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியாமல் கிளம்ப வேண்டாம்.

கடைக்குப் புறப்படும்போது ஒரு துண்டுத் தாளில் கால் அளவு, ஓட்டப்போகும் சாலை, சைக்கிளுக்கு மட்டும் ஒதுக்கிய தொகை ஆகிய மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தாளுக்குப் பொருந்தாத சைக்கிள் எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.