ஒகேனக்கல்: கூட்டத்தின் குரலும் குடிநீரும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக மலையிறங்கிச் செல்லும் சாலை காவிரிக் கரையில் முடிகிறது. அங்கே ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, பாறைப் பிளவுகளில் வீழ்ந்து, நீர்த்திவலைகளைப் புகைபோல் எழுப்புகிறது. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. கல் என்பது சிறு வேறுபாட்டோடு இரு மொழிக்கும் பொதுவான சொல். புகையும் கல் என்னும் பொருளில் அமைந்த பெயரே ஒகேனக்கல் ஆயிற்று. ஒரு கரை தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டம். மறு கரை கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம். பெயரிலேயே இரு மொழிகள் கைகோத்து நிற்கும் இவ்வூர், 2008-ஆம் ஆண்டில் இரு மொழியினரின் பூசலுக்குக் காரணமாயிற்று. அந்நிகழ்ச்சியின் வரலாறு ஆற்றுநீரோடு நின்றுவிடுவதன்று. கூட்டம் குரல் எழுப்பும்போது தனிமனிதனுக்கு என்ன நேர்கிறது, எக்காரியத்திற்காகக் கூட்டம் கூடியதோ அக்காரியத்திற்கு என்ன நேர்கிறது என்பதையும் அது காட்டுகிறது.

நிலத்தடியில் இருந்த கேடு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. கடினப் பாறை நிலத்தின் மீது அமைந்தவை. திறந்த கிணறுகள் வறண்டபோது இங்கு ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. பாறையிலுள்ள சில கனிமங்கள் நெடுங்காலம் நீரோடு சேர்ந்திருக்கையில், அவற்றிலுள்ள புளோரைடு நீரில் கரைகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இவ்விரு மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீர் இவ்வரம்பைத் தாண்டியிருந்தது.

இதன் விளைவு மெல்ல வருவது. பல் உருவாகும் பருவத்தில் இந்நீரைப் பருகும் குழந்தைகளின் பற்களில் காவிக் கறை தோன்றுகிறது. எத்தனை முறை தேய்த்தாலும் அது போவதில்லை. பல ஆண்டுகள் பருகியவர்களுக்கு மூட்டுகள் இறுகுகின்றன. சிலருக்கு முதுகே வளைந்துவிடுகிறது. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் மாயும், புளோரைடு மாயாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். வளைந்த எலும்பை நிமிர்த்தும் மருந்து இல்லை. நல்ல நீர் தருவது ஒன்றே வழியாகும்.

இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதும் அன்று. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1937-ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் இதனைப் பதிவு செய்தனர். எனினும், வெள்ளத்தையும் பஞ்சத்தையும் போல ஒரே நாளில் ஊரைத் தெருவுக்கு அழைத்துவரும் துன்பம் இதுவன்று. பள்ளிக் குழந்தை சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வதைக் கண்டு எவரும் கொடி பிடிப்பதில்லை. ஓசையற்ற துன்பம் ஓசையோடு கூடிய அரசியலில் இடம்பெறுவது அரிது.

திட்டமும் எதிர்ப்பும்

ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்து, சுத்திகரித்து, இவ்விரு மாவட்டங்களுக்கும் குழாய் வழியே கொண்டுசெல்வது கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கம். கர்நாடகம் காவிரியிலிருந்து பெங்களூருக்குக் கூடுதல் குடிநீர் கொண்டுசெல்ல முற்பட்டதும் இதே காலத்தில்தான். அவரவர் பங்கு நீரிலிருந்து அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்னும் அடிப்படையில், 1998-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒகேனக்கல் திட்டத்திற்குத் தடையின்மைச் சான்று அளித்தது. பின்னர் ஜப்பானியக் கடனுதவியோடு ரூ.1,334 கோடி மதிப்பில் திட்டம் உருப்பெற்று, 2008 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.கருணாநிதி அடிக்கல் நாட்டினார்.

கர்நாடகத்தில் அது தேர்தல் காலம். 2008 மே மாதத்தில் வாக்குப்பதிவு நடைபெறவிருந்தது. மார்ச் மாதத்தில் பாரதிய ஜனதா தலைவர் எடியூரப்பா தம் கட்சியினருடன் ஒகேனக்கல் ஆற்றுத்திட்டுக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். எல்லைப் பிரச்சினை தீராமல் திட்டம் கூடாது என்னும் முழக்கம் எழுந்தது. பெங்களூரில் தமிழ்ப் படங்கள் திரையிடப்பட்ட அரங்குகள் தாக்கப்பட்டன. இரு மாநிலங்களுக்கும் இடையிலான பேருந்துப் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. 1991 டிசம்பரில் காவிரியை முன்னிட்டு நிகழ்ந்த வன்முறையை மறவாத பெங்களூர்த் தமிழர்கள் மீண்டும் அஞ்சி வாழ நேர்ந்தது.

இப்பக்கமும் சினம் மூண்டது. 2008 ஏப்ரல் 4 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் தமிழ்த் திரையுலகினர் ஒருநாள் உண்ணாவிரதம் இருந்தனர். காரணம் நியாயமானது, தாக்குதலைக் கண்டிப்பது கடமையும்கூட. ஆயினும் அன்று நாடெங்கும் பேசப்பட்டவை மேடையில் எவர் இருந்தார், எவர் வரவில்லை, எவர் எவ்வளவு சூடாகப் பேசினார் என்பனவே. தருமபுரிக் குழந்தைகளின் பற்கள் பின்னுக்குப் போயின.

மறுநாள், ஏப்ரல் 5 அன்று, கர்நாடகத்தில் தேர்தல் முடிந்து புதிய அரசு அமையும்வரை திட்டத்தை நிறுத்திவைப்பதாக முதலமைச்சர் அறிவித்தார். அண்டை மாநிலத்தில் அமைதி கெடலாகாது என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். முழக்கம் உச்சத்தை எட்டிய மறுநாளே, முழக்கத்திற்குரிய திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அவ்வாறு ஒத்திவைக்கப்பட்ட ஒவ்வொரு நாளும் ஆழ்துளைக் கிணற்று நீரையே பருக வேண்டியவர்கள் மேடையில் இல்லை.

இரு வீடு உடையவன்

இவ்வரலாற்றில் தனிமனிதர் நிலையைக் காட்டும் சான்றுகள் மூன்று உள. மூன்றும் திரைக்கலைஞர்களைப் பற்றியவையே. புகழ் பெற்றவர்க்கே இந்நிலை எனின், பெயரற்றவர் நிலையை உய்த்துணரலாம்.

முதலாவது 2002-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. காவிரி நீர் கேட்டு, இயக்குநர் பாரதிராஜா முன்னின்று நடத்த, அக்டோபர் 12 அன்று திரையுலகினர் நெய்வேலியில் திரண்டனர். நடிகர் ரஜினிகாந்த் அதில் கலந்துகொள்ளாமல், மறுநாள் சென்னையில் தனியே ஒருநாள் உண்ணாவிரதம் இருந்தார். அவர் பெங்களூரில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே பேருந்து நடத்துநராகப் பணியாற்றியவர். தமிழ்நாட்டில் வாழ்வு பெற்றவர். கோரிக்கை ஒன்றாயிருந்தும், கூட்டத்தோடு செல்லாமல் தனியே அமர்ந்தது ஏன் என்பதே அன்றைய விவாதமாயிற்று.

இரண்டாவது 2008-இல் நிகழ்ந்தது. இம்முறை அவர் சேப்பாக்கத்து மேடைக்கு வந்தார். திட்டத்தை எதிர்த்து வன்முறையில் இறங்கியவர்களைக் கடுமையாகச் சாடியும் பேசினார். தமிழ்நாட்டில் கைதட்டல் எழுந்தது. கர்நாடகத்தில் கண்டனம் எழுந்தது. நான்கு மாதங்கள் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று வெளியாகவிருந்த ‘குசேலன்’ படத்தைக் கர்நாடகத்தில் திரையிட எதிர்ப்புக் கிளம்பியபோது அவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. உடனே தமிழ்நாட்டில், உடன் மேடையேறிய கலைஞர்கள் சிலரே அவரைக் கடிந்துகொண்டனர். பேசாதபோது ஒரு குற்றம், பேசியபோது ஒரு குற்றம், வருந்தியபோது மற்றொரு குற்றம்! இரு வீடு உடையவனிடம் ஒரு வீட்டை இடித்துக் காட்டச் சொல்லுவதே கூட்டத்தின் இயல்பு போலும்.

மூன்றாவது 2017-இல் நிகழ்ந்தது. நடிகர் சத்யராஜ் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பேசிய பேச்சைக் காட்டி, அவர் மன்னிப்புக் கேட்காவிடில் ‘பாகுபலி’ இரண்டாம் பாகத்தைத் திரையிட விடமாட்டோம் எனக் கன்னட அமைப்புகள் அறிவித்தன. அவர் ஒருவர் பொருட்டு நூற்றுக்கணக்கானோர் உழைப்பு வீணாகலாகாதெனக் கருதி, ஏப்ரல் மாதத்தில் வருத்தம் தெரிவித்தார். தமிழர் பிரச்சினைகளுக்குக் குரல் கொடுப்பதை நிறுத்தப்போவதில்லை என்றும் அவ்வறிக்கையிலேயே கூறினார். அதற்குள் ஒகேனக்கல் திட்டம் செயற்பாட்டுக்கு வந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சண்டைக்குக் காரணமான நீர் குழாயில் வந்துகொண்டிருக்கையில், சண்டை மட்டும் வற்றாதிருந்தது.

சட்டம் செய்யும் கொடுமையினும் சமூகத்தின் பொதுக்கருத்து தனிமனிதன்மீது செய்யும் கொடுமை ஆழமானது என்று ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதினார். சட்டத்திற்கு எல்லைக்கோடு உண்டு. பொதுக்கருத்து வீட்டுத் திண்ணை வரை வந்து அமரும். கூட்டத்தோடு கோவிந்தா போடாதவனைத் துரோகி என்று சொல்ல அதற்குச் சாட்சியும் வேண்டுவதில்லை. இவ்விஷயத்தில் காவிரியின் இரு கரைகளுக்கும் வேற்றுமை இல்லை.

இங்கு ஓர் எதிர்வாதமும் எண்ணத்தக்கது. கூட்டம் கூடாமல் எந்த உரிமை கிடைத்தது, எண்ணிக்கையைக் கண்டன்றோ அரசுகள் அசைகின்றன என்று கேட்பர். உண்மையே. கூடுவது தவறன்று. கூடியவர்கள் கலைந்தபின் அக்காரியத்தை எவர் கையில் எடுத்துக்கொள்கிறார் என்பதே ஒரு போராட்டத்தின் ஆழத்தை அளக்கும் கோல். வராதவனைக் கணக்கெடுப்பதில் காட்டும் ஊக்கத்தை, வராத நீரைக் கணக்கெடுப்பதிலும் காட்டினால் அது போராட்டம், இல்லையேல் திருவிழா.

பாப்பாரப்பட்டியில் ஒரு தனிமனிதர்

இக்கோலைக் கொண்டு அளக்க, ஒகேனக்கல் செல்பவர்க்குத் தொலைவில் போகவேண்டியதில்லை. பென்னாகரம் வட்டாரத்துப் பாப்பாரப்பட்டி, சுப்பிரமணிய சிவாவின் இறுதிக்கால இருப்பிடம்.

2008-இன் ஆரவாரத்திற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1908 மார்ச் 12 அன்று, வ.உ.சிதம்பரனாரோடு சிவாவும் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். அக்கூட்டத்தை ஆழமற்றது எனல் தகாது; அது உயிரையே விலையாகக் கொடுத்தது. ஆனால் 1912 டிசம்பரில் வ.உ.சி. கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தபோது அவரை வரவேற்க வாயிலில் நின்றவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் சுப்பிரமணிய சிவா. அப்போது அவரைத் தொழுநோய் பற்றியிருந்தது. நாடு நான்கு ஆண்டுகளில் அஞ்சி ஒடுங்கியபோது, ஒடுங்க மறுத்தவர் நோயாளியான ஒரு மனிதர்.

தொழுநோயைக் காரணம் காட்டி அவருக்கு ரயில் பயணம் மறுக்கப்பட்டது. அவர் நடந்தார், கட்டை வண்டியில் சென்றார். ஊர் ஊராகப் பேசினார். சக மனிதரே அருகில் நிற்கத் தயங்கிய உடலோடு பாப்பாரப்பட்டியில் பாரதபுரம் என்னும் ஆசிரமத்தை நிறுவினார். அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பி, 1923-இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டுவித்தார். கோயில் எழுவதைக் காணாமலே 1925 ஜூலை 23 அன்று நாற்பதாம் வயதில் மறைந்தார். கூட்டம் அவரோடு இருந்தபோதும் அவர் நடந்தார், விலகியபோதும் நடந்தார். அவருக்கு வேண்டியிருந்தது காரியம். கைதட்டல் வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்பதே அவர் வாழ்க்கை.

குழாயில் வந்த நீர்

கர்நாடகத்தில் தேர்தல் முடிந்தது, அரசு அமைந்தது, முழக்கங்கள் ஓய்ந்தன. ஒத்திவைக்கப்பட்ட திட்டம் ஆரவாரமின்றி மீண்டும் எழுந்தது. அளவையாளர்கள் வந்தனர், காட்டு வழியே குழாய்கள் பதிக்கப்பட்டன, மேட்டுநிலங்களில் தேக்கத் தொட்டிகள் எழுந்தன. ஓர் ஆட்சியில் அடிக்கல் கண்ட திட்டம், அதற்கு மாற்றாக வந்த ஆட்சியில் நிறைவுற்று, 2013 மே மாதத்தில் முதலமைச்சர் ஜெ.ஜெயலலிதாவால் தொடங்கி வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 12 கோடி லிட்டருக்கு மேற்பட்ட நீரை 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 18 ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த பல்லாயிரம் குடியிருப்புகள் ஆகியவற்றுக்கு வழங்க அது வகுக்கப்பட்டிருந்தது. புளோரைடு நோய் பற்றிய விழிப்புணர்வுப் பணியும் அதன் பகுதியாக நடைபெற்றது. எந்த நீரைப் பருகலாம், எதைப் பருகலாகாது என்பதைப் பள்ளி மாணவர்க்கும் தாய்மார்க்கும் வீடு வீடாகச் சொல்லிய பணியாளர்களின் பெயர்களை எந்தச் செய்தித்தாளும் தலைப்பில் இடவில்லை.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்கள் இன்றும் பெங்களூர்ப் பயணிகளையும் சேலத்துப் பயணிகளையும் ஒரே பரிசலில் ஏற்றிச் செல்கின்றனர். பூசல் மூளும் நாள்களில் முதலில் காலியாவது அவர்கள் பரிசல்தான். சேப்பாக்கத்தில் மேடை எழுந்த நாளில் பிறந்த குழந்தைக்குத் திட்டம் தொடங்கியபோது வயது ஐந்து. அக்குழந்தை முதன்முதலில் பருகியது ஆழ்துளைக் கிணற்று நீர். அதற்குப் பின்னர்ப் பிறந்த தம்பிக்கோ தங்கைக்கோ ஆற்றுநீர் கிடைத்தது. ஒரே வீட்டில் வளர்ந்த அவ்விருவரின் பற்களைப் பார்த்தால், கடந்துபோன ஆண்டுகளின் கணக்கு தெரிந்துவிடும்.