எட்வர்ட்ஸின் வெற்றேட்டு வேதாகமம்

வேதவாசிப்பையும் குறிப்பெழுதுதலையும் ஒரே தியானமாக இணைத்த கிறிஸ்தவ பக்திமரபின் உன்னதச் சான்றுகளுள் ஒன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் நார்த்தாம்ப்டன் சபையின் போதகராயிருந்த ஜோனதன் எட்வர்ட்ஸ் (1703–1758), ஏறத்தாழ 1730 முதல் ஆயுட்பரியந்தம் எழுதிவந்த இந்நூலாகும். சிறிய ஆங்கில வேதாகமம் ஒன்றைப் பிரித்து, அதன் தாள்களுக்கிடையே பெரிய வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டிய இது, அவர் மைத்துனர் பெஞ்சமின் பியர்பான்ட் மூலம் அவர் கைக்கு வந்தது. அச்சிட்ட வசனங்களுக்கு அருகே வெறுமையாய் நின்ற அப்பெருந்தாள்களில், இரு பத்திகளாக, ஒரு வசனத்தின் பொருளை வேறொரு வசனத்தால் தெளிந்தும், தம் பிற ஏடுகளைச் சுட்டியும், 5,000-க்கு மேற்பட்ட குறிப்புகளை அவர் வரைந்தார். வேதத்தை இடைவிடாது கற்று, அந்த ஞானத்தில் தாம் வளர்வதைத் தாமே கண்டுணர வேண்டுமென்று இளமையிலேயே பிரதிக்ஞை எழுதிவைத்தவருக்கு இவ்வுழைப்பு பாண்டித்தியத்தின் பொருட்டன்று, தேவசமீபத்தை நாடிய ஆராதனையே எனல் தகும். மூலப்பிரதி யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அச்சுப்பதிப்பு 2006-இல் வெளிவந்தது.