கிதாபும் புத்தகமும்

காலையில் மத்ரஸாவுக்குச் செல்லும் பிள்ளையின் கையில் இருப்பது கிதாபு. பின்னர்ப் பள்ளிக்கூடம் செல்கையில் அதே கையில் இருப்பது புத்தகம். கிதாபு தவறி விழுந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்கிறோம். கணக்குப் புத்தகம் விழுந்தால் கண்டுகொள்வதில்லை. ஒன்று மார்க்கத்துக்கு, மற்றொன்று உலகத்துக்கு என்னும் இப்பாகுபாட்டிற்குச் சொற்களின் வரலாறு இடந்தரவில்லை.

'கதப' என்றால் எழுதினான் என்பதை மக்தபில் ஓதும் சிறுவனும் அறிவான். ஆயினும் இப்னு மன்ளூர் தம் 'லிஸானுல் அரப்' அகராதியில் இவ்வேருக்குத் தரும் பொருள்களுள், தோலாலான நீர்ப்பையை வாரிட்டுத் தைத்தலும் ஒன்று. திரண்டு நிற்கும் படையணிக்குக் 'கதீபா' என்று பெயர். சேர்த்தலே அடிப்படை, எழுத்தோடு எழுத்தைச் சேர்ப்பதும் அதன்பாற்பட்டதே என்பர் அரபு அகராதியார். (எழுதுதல் என்னும் பொருள் அரமேய மொழியிலிருந்து வந்தது என்பாரும் உளர்.) பேரீச்ச மட்டையிலும் எலும்பிலும் தோலிலும் எழுதப்பெற்றுத் தனித்தனியே இருந்த இறைவசனங்களை, ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் (632–634) ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்கள் ஒன்றுதிரட்டியதை எண்ணுந்தோறும் இப்பொருளின் அழகு நமக்குப் புலனாகிறது.

இனிப் புத்தகம். இது 'புஸ்தக' என்னும் வடசொல்லின் வழிவந்தது என்பர். அவ்வடசொல்லோ, தோலைக் குறிக்கும் ஈரானியச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. பாரசீகத்தில் இன்றும் 'போஸ்த்' என்றால் தோல்தான். இல்லை, 'பொத்தகம்' என்பது பொத்துதல் என்னும் வினையினின்று தோன்றிய தூய தமிழ்ச்சொல்லே என வாதிடும் தமிழறிஞரும் உளர். வழக்கை அவர்களிடமே விட்டுவிடுவோம். ஆனால் பொத்துதல் என்றால் என்ன? மூடுதல், தைத்தல் என்றும் பொருள் உண்டு!