நினைவும் கடனும்: ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டில் உருமாற்றமும் தன்னடையாளமும்

கேரி கைகாக்ஸ் 1975இல் ‘தி ஸ்ட்ராட்டஜிக் ரிவியூ’ இதழில் அறிமுகப்படுத்திய மைண்ட் ஃபிளேயர், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ உலகின் மிகக் கொடிய உயிரினங்களுள் ஒன்று. அதன் இளம்புழு மனிதரின் தலைக்குள் புகுந்து மூளையைத் தின்று, அந்த இடத்தில் தானே அமர்கிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில், முகத்தில் பற்றுக்கைகள் தொங்கும் வேற்றுருவாக உடல் மாறிவிடுகிறது. அந்த மனிதர் இறந்துவிட்டார், எஞ்சியிருப்பது வேறொருவர் என்பதே இவ்வுலகின் மரபுவழித் தீர்ப்பு. லாரியன் ஸ்டூடியோஸ் 2023இல் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ இத்தீர்ப்பை ஆட்டங்காண வைக்கிறது.

‘எம்பரர்’ என்ற மைண்ட் ஃபிளேயர், பால்டர்ஸ் கேட் நகரை நிறுவிய பால்டுரனின் உருமாறிய வடிவம். அவனுடைய உயிர்த்தோழன் ஆன்சூர் என்னும் டிராகன். உருமாற்றத்துக்கு மருந்து தேடித் தோற்ற ஆன்சூர், நண்பனைக் கருணையோடு கொன்றுவிட முயல்கிறது. எம்பரர் தற்காப்புக்காக அதைக் கொல்கிறது. பால்டுரன் எப்போதோ இறந்துவிட்டான் என்பது ஆன்சூரின் முடிவு. நினைவுகள் தன்னிடம் இருப்பதால் தானே பால்டுரன் என்பது எம்பரரின் வாதம்.

மெய்யியலாளர் ஜான் லாக், 1694இல் மனித அறிவைப் பற்றிய தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அதிகாரத்தில், தன்னடையாளத்தை உணர்வின் தொடர்ச்சியில் கண்டார். அவரை மேற்கோள் காட்டுவோர் எம்பரரின் பக்கம் எளிதில் சாய்வர். ஆனால் லாக் அதே அதிகாரத்தில் ‘நபர்’ என்ற கருத்தைச் செயலுக்குப் பொறுப்பேற்பதோடும் தண்டனையோடும் பிணைத்தார் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. ஒருவரின் கடந்தகாலம் நம்முடையது என்றால் அதன் கணக்கும் நம்முடையதே. இந்த இரண்டாம் கூறே உருமாற்றக் கதைகளுக்குச் சரியான உரைகல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எம்பரரின் நடத்தையைப் பாருங்கள். நகரத் தலைவர்களுள் ஒருவரான ஸ்டெல்மேனுடன் தனக்கிருந்த உறவை முதலில் கூட்டாண்மை என்று காட்டுகிறது. விளையாடுபவர் எம்பரரை வெறுத்து ஒதுக்கினால், ஸ்டெல்மேனின் மனத்தைத் தன் பிடியில் வைத்திருந்ததை அதுவே அப்பட்டமாகக் காட்டுகிறது. பால்டுரன் என்ற அடையாளத்தையோ, ஆன்சூரின் எச்சத்தை நேரில் காணும்வரை மறைத்துவைக்கிறது. பழைய பெருமை பயன்படும்போது எடுத்துக்கொள்கிறது. பழைய கடமை குறுக்கே வந்தால் கைகழுவுகிறது.

ஆன்சூரின் தீர்ப்பும் இவ்விடத்தில் தவறுகிறது. ‘நண்பன் இறந்துவிட்டான்’ என்று சொன்னவுடன் எம்பரருக்குப் பால்டுரனின் எல்லாக் கடமைகளிலிருந்தும் விடுதலை கிடைத்துவிடுகிறது. அதைப் பால்டுரன் என்று ஏற்றால்தான் ஆன்சூரின் சாவை நட்புக்கு இழைத்த துரோகமாக விசாரிக்க முடியும்.

நினைவை நகலெடுத்த ஒட்டுண்ணியின் தலையில் முன்னவரின் கடனைச் சுமத்துவது நியாயமா என்று கேட்கலாம். சொத்தை ஏற்பவர் அதன் மீதுள்ள கடனையும் ஏற்கிறார். மைண்ட் ஃபிளேயர்களை ஆளும் மூத்த மூளையின் கட்டளைக்கு அடங்கிய சாதாரண மைண்ட் ஃபிளேயர் எதற்கும் உரிமை கோருவதில்லை. அதன்மேல் கடனும் இல்லை. எம்பரர் கோருகிறது. இறுதிக்கட்டத்தில் தோழர்களுக்காகத் தானே முன்வந்து மைண்ட் ஃபிளேயராக உருமாறும் கார்லாக் என்ற பயணத்தோழி மறுமுனையில் நிற்கிறாள்: அவள் எடுத்துச் செல்வதில் முதன்மையானதே அவர்களிடம் கொண்ட கடமைதான்.

ஆகவே, உருமாறியவர் ‘அதே ஆள்தானா’ என்பதற்கு விடையை அவருடைய மண்டைக்குள் தேடிப் பயனில்லை. அவர் எந்தக் கடந்தகாலத்துக்கு உரிமை கோருகிறார், அதற்காக யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.