சைரனுக்குப் பெர்மிட் இல்லை

கோவை அவினாசி ரோட்டில் சைரன் கேட்டால் பஸ், லாரி எல்லாம் ஒதுங்கும். சட்டமும் அப்படித்தான் ஒதுங்கியது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெர்மிட் வேண்டாத வண்டிகளைப் பட்டியலிடுகிறது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் ஒரே வரியில். அடுத்த வரி பிணத்தையும் துக்கத்துக்கு வந்தோரையும் ஏற்றும் வண்டி (வரிசையைக் கவனியுங்கள்).

தீயணைப்பு வண்டி வாசலில் நின்று வாடகை பேசாது. ஆம்புலன்சும் பேசாது என்பது அந்த வரியின் சொல்லப்படாத நம்பிக்கை. வியாபாரம் உள்ளே வந்தபோது பெர்மிட்டோடு கட்டுப்பாடும் கழன்றிருந்தது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு இலவச 108 வந்தது. அது பிந்தினால் தனியார் வண்டிதான். மூச்சுத் திணறுகிறவரை மடியில் சாய்த்துக்கொண்டு ‘எவ்வளவுங்க?’ என்று கேட்கிறவருக்குப் பேரம் ஏது?

நியாயமான கட்டணம் நிர்ணயிக்கும்படி 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது. தமிழக அரசு அறிவித்தது 2021 மேயில்: முதல் 10 கி.மீ.க்குச் சாதாரண வண்டி 1,500 ரூபாய், ஆக்சிஜனோடு 2,000, வென்டிலேட்டரோடு 4,000. அதே மாதக் கடைசியில்தான் கோவையின் தினசரித் தொற்று சென்னையையே தாண்டியது. விலை வந்தது சரி, மீறினால் ரத்து செய்ய அந்த வண்டியிடம் பெர்மிட்டே கிடையாதே.