அளவுகோல் கைமாறிய கதை

பழங்குடி ஊரில் நடக்கும் ஒரு திட்டத்தால் பலன் உண்டா என்பதை அந்த ஊராரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த எளிய நியாயம் நிலைபெறுவதற்குள் மக்கள் பட்ட அவமானம் கொஞ்சமல்ல.

1979இல் வட அலாஸ்காவின் பாரோ ஊரில், இனுப்பியாட் பழங்குடி மக்களின் குடிப்பழக்கத்தை வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். விசாரித்தது 88 பேரை. மறு ஆண்டு, முடிவுகளைத் தொலைதூர பிலடெல்பியாவில் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள். குடிகார ஊர் என்ற பழி நாடெங்கும் பரவியது. இப்படிப்பட்ட அனுபவங்களால், கணக்கெடுக்க யார் வந்தாலும் பழங்குடி மக்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

மாற்றுவழி தேடியவை பழங்குடிகளே நடத்தும் கல்லூரிகள். 1973இல் அவை ஒன்றுசேர்ந்து அமெரிக்க இந்திய உயர்கல்விக் கூட்டமைப்பை நிறுவின. அரசின் வழக்கமான தேர்ச்சிக் கணக்கு அந்தக் கல்லூரிகளை உறுத்தியது. இரண்டாண்டுப் படிப்பை மூன்றாண்டுக்குள் முடித்தால்தான் அந்தக் கணக்கில் தேர்ச்சி. நோயாளிப் பாட்டியைக் கவனிக்கப் படிப்பை நிறுத்தி, திரும்பி வந்து நான்காம் ஆண்டில் பட்டம் வாங்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. ஊருக்கோ, உறவையும் விடாமல் படிப்பையும் விடாமல் கரையேறியவள் அவள்.

2000களில், அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு, கூட்டமைப்பு மூத்தோரையும் ஆசிரியர்களையும் மதிப்பீட்டாளர்களையும் பல இடங்களில் கூட்டிப் பேசவைத்தது. அந்தப் பேச்சிலிருந்து உருவான மதிப்பீட்டு நெறிமுறையை ஜோன் லாஃப்ரான்ஸ், ரிச்சர்ட் நிக்கல்ஸ் என்ற இரு பழங்குடி மதிப்பீட்டாளர்கள் 2009இல் நூலாக்கினார்கள். அதற்கு அடித்தளம் நான்கு விழுமியங்கள்: சொந்த மண்ணோடு உள்ள பிணைப்பு, ஒவ்வொருவருக்கும் வாய்த்த திறன், குடும்பமும் சமூகமும், தன்னாட்சி உரிமை.

கட்டம் கட்டி அம்புக்குறி போடும் வழக்கமான திட்ட வரைபடத்தை முன்வைத்து இந்த மதிப்பீடு தொடங்குவதில்லை. திட்டம் ஏன் வந்தது, யாருக்காக, என்ன நன்மையை எதிர்பார்க்கிறோம் என்று ஊரார் முதலில் அதன் கதையைச் சொல்கிறார்கள். அந்தக் கதையிலிருந்து கேள்விகள் பிறக்கின்றன. எதை எண்ணுவது, எதைக் கேட்டறிவது என்பது அதன் பிறகே. திரட்டிய தகவல் யாருக்குச் சொந்தம் என்பதிலும் அந்தச் சமூகத்தின் சொல்லுக்கே மதிப்பு.

எதை எண்ணுவது என்று தீர்மானிப்பவர்தான் பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறார். ஆகவே நிதி தருபவர்கள் திட்டம் முடிந்தபின் படிவத்தோடு வந்தால் போதாது. முதல் நாளே ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து, நீங்கள் எதை வெற்றி என்பீர்கள் என்று கேட்க வேண்டும்.