சென்னைக் காசநோய் சிகிச்சை ஆய்வு

காசநோயாளிகளை மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா என்று 1956 முதல் சென்னையில் நடந்த ஆய்வு. உலக அளவில் காசநோய் சிகிச்சை முறையை மாற்றியது. ஓர் ஆய்வின் முடிவில் அரசு எதை ஏற்றது, எதை விட்டுவிட்டது என்பதற்கும் இது சான்று.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே காசநோய்க்கான சிகிச்சையாகக் கருதப்பட்டன. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து சானடோரியம் தொடங்கினார். திருப்பூருக்கு அருகே பெருந்துறையிலும் ஒரு சானடோரியம் இருந்தது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் படுக்கைகள் மிகச் சிலவே. கூலி வேலை செய்பவர் மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தால் குடும்பம் பட்டினி கிடக்க நேரும்.

ஆய்வு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார். சென்னையின் ஏழை மக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வீட்டிலும் மற்றவர்கள் சானடோரியத்திலும் ஓராண்டு ஐசோனியசிட், பாஸ் ஆகிய மாத்திரைகளை உட்கொண்டனர்.

முடிவுகள் 1959இல் வெளியாயின. ஓராண்டின் முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானடோரியப் பிரிவில் 92 விழுக்காடு. வீட்டிலிருந்தவர்களுக்கு இடமும் ஓய்வும் உணவும் குறைவாகவே கிடைத்திருந்தன. ஐந்தாண்டுகள் கண்காணித்தபோதும் அவர்களுடைய குடும்பத்தினருக்கு நோய்த்தொற்று கூடுதலாகக் காணப்படவில்லை.

கண்காணிப்பு என்ற பாதி

அதே மையம் இன்னொன்றையும் கண்டது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாத்திரைகளை எல்லோரும் ஒழுங்காக உட்கொள்ளவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையும் திடீர் மாத்திரை எண்ணிக்கையும் இதைக் காட்டின. ஆகவே வாரம் இருமுறை பணியாளர் முன்னிலையில் மருந்து கொடுக்கும் முறை ஆராயப்பட்டு, 1964இல் நல்ல பலன் தருவதாக அறிவிக்கப்பட்டது.

பெங்களூரு தேசியக் காசநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தும்கூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 1963இல் வெளிவந்தது. நோய் அறிகுறி உடையவர்களில் பலர் தாமாகவே அரசு மருத்துவமனைகளுக்கு வந்திருந்தனர். அவர்களை இருமல் மருந்துடன் திருப்பியனுப்பியது மருத்துவமனையே.

1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை ஏற்றது. படுக்கைச் செலவு மிச்சமாயிற்று. ஆனால் ஆள்பலமும் தொடர்ச்சியான மருந்து வழங்கலும் தேவைப்படும் கண்காணிப்பு நடைமுறைக்கு வரவில்லை. 1992இல் நடந்த மதிப்பாய்வு, பெரும்பாலான நோயாளிகள் சிகிச்சையை முடிக்கவில்லை என்றது. நேரடிக் கண்காணிப்புடன் கூடிய சிகிச்சை 1997இல்தான் திருத்தப்பட்ட திட்டமாக விரிவாக்கப்பட்டது. முப்பதாண்டு தாமதத்துக்கு அறிவின்மை காரணமல்ல. ஆய்வில் செலவு குறைக்கும் பாதி மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது.

இன்றைய தொடர்ச்சி

சென்னை மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். தமிழக அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் திருப்பூர் உட்பட, சென்னை நீங்கலான மாவட்டங்களில் செயல்படுகிறது. நோய் கண்டறியப்பட்ட உடனே உடல் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் திறன் ஆகியவை பார்க்கப்படுகின்றன. மிக நலிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். மற்றவர்களுக்கு வீட்டுச் சிகிச்சை. சாதாரணச் செவிலியர் செய்யக்கூடிய சோதனைகளே ஆதலால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது நடக்கிறது.

1956 ஆய்வு, நோயாளிக்கு நிலையான ஒரு வீடு உண்டு என்று கொண்டது. திருப்பூர் பனியன் தொழிலில் பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்குகிறார்கள். ஆர்டர் குறைந்தால் ஊர் திரும்புகிறார்கள். 2012இல் வந்த நிக்‌ஷய் இணையப் பதிவு, நோயாளியின் சிகிச்சை விவரத்தை ஊர் விட்டு ஊர் மாற்ற உதவுகிறது. ஆனால் பதிவு மட்டும் மாத்திரையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. இடம் மாறும் தொழிலாளியைப் பின்தொடரும் பணியாளர் வேண்டும் என்பது, 1964இல் சொல்லப்பட்ட பாடத்தின் இன்றைய வடிவம்.